பாகைமானியும் அரைஞாண் கயிறும்

ஆறாம் வகுப்பு படிக்கும் பேத்திக்கு மறுநாள் கணக்கு வகுப்புக்குப் பாகைமானி வேண்டுமாம். ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இருக்கிறது, டிவைடர் இருக்கிறது, பாகைமானியை மட்டும் காணோம். கடைகள் அடைத்த நேரம். என் பீரோவின் கீழ்த்தட்டில் கிடந்த தகர டப்பாவைத் துழாவியபோது ஒன்று அகப்பட்டது. பளிச்சென்று இருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி, பாதி எண்கள் தேய்ந்துபோயிருந்தன. ஓரத்தில் சிவப்பு மெழுகுப் பென்சிலின் கறை அப்படியே இருந்தது.

"இது எந்தக் காலத்துது அம்மாச்சி?" என்று கேட்டாள்.

"குழந்தைங்க இடுப்பு எலும்ப அளந்த காலத்துது" என்றேன்.

இடுப்பைப் போய் எதற்குப் பாகைமானியால் அளக்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். எனக்குத்தான் வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

தென் மாவட்டம் ஒன்றின் அரசு ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே பிரிவில், என் உத்தியோகக் காலம் முழுவதும் கழிந்தது. படித்தது சென்னையில், பொது மருத்துவமனை வளாகத்தில் 1934-இல் தொடங்கிய பார்னார்டு கதிரியக்க நிலையத்தில். ஊர் திரும்பி வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே எனக்குப் பெயர் போய் 'எக்ஸ்ரேக்காரம்மா' என்பதே நிலைத்துவிட்டது. அன்று படம் என்றால் ஃபிலிம். ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியின் 'இந்து' ஃபிலிம் பெட்டிகள் அலமாரியில் அடுக்கியிருக்கும். இருட்டறையில் சிவப்பு விளக்கின் மங்கலான வெளிச்சத்தில் ஃபிலிமை ஹேங்கரில் மாட்டி, டெவலப்பரில் முக்கி, தண்ணீரில் அலசி, ஹைப்போவில் இறக்குவோம். அந்தப் புளிப்பு நெடி சேலையில் ஏறிவிட்டால் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் போகாது. என் மகள் சின்ன வயதில் என் முந்தானையை மோந்து பார்த்து, "அம்மா, ஆஸ்பத்திரி வாசம்" என்பாள்.

கை முறிவு, நெஞ்சுப் படமெல்லாம் மளமளவென்று முடிந்துவிடும். கைக்குழந்தையின் இடுப்புப் படம் என்று சீட்டு வந்தால் மட்டும் வேலை நிதானப்படும். அதற்குக் காரணம் எங்கள் எலும்பு டாக்டர். மற்றவர்கள் படத்தைத் தூக்கிப் பிடித்து எலும்பு விலகியிருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதோடு சரி. அவர் அளப்பார். ஈரம் காயாத ஃபிலிமை வியூ பாக்ஸில் செருகி, சட்டைப் பையிலிருந்து மெழுகுப் பென்சிலையும் பாகைமானியையும் எடுப்பார். பிற்பாடு மாற்றலாகிப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பாகைமானிதான் நான் சொன்னது.

முதல் கோடு குறுக்கே போகும். குழந்தையின் இடுப்புக் குழியில் மூன்று எலும்புகள் வந்து கூடும் இடத்தில் ஒய் வடிவத்தில் ஒரு குருத்தெலும்பு உண்டு. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் படத்தில் அந்த இடம் ஒரு கறுப்பு இடைவெளியாக விழும். இரண்டு பக்கத்து இடைவெளிகளையும் சேர்த்து இழுப்பது அந்தக் கோடு. பிராக் நகரத்து மருத்துவர் ஹில்கென்ரைனர் 1925-இல் சொல்லிக்கொடுத்தது. அந்த இடைவெளியிலிருந்து குழியின் மேல்விளிம்பு வரைக்கும் இரண்டாவது கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம்தான் குழியின் மேற்கூரை எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதைக் காட்டும். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 30 பாகை வரை இருக்கலாம். வளர வளரக் குறைந்து, 2 வயதில் 20-ஐ ஒட்டி வந்துவிட வேண்டும். குறையாமல் நின்றால் தொடை எலும்பின் தலையைக் குழி தாங்கிப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். விளிம்பிலிருந்து செங்குத்தாக இறங்கும் மூன்றாவது கோட்டை 1928-இல் இங்கிலாந்து மருத்துவர் பெர்க்கின்ஸ் சேர்த்தார். முதல் கோடும் இதுவும் ஒன்றையொன்று வெட்டி நாலு கட்டம் உண்டாகும். தொடை எலும்பின் தலை கீழ்க்கட்டத்தில், உட்பக்கமாக உட்கார்ந்திருந்தால் நிம்மதி.

ஒருநாள் அவர் இரண்டு படங்களை அடுத்தடுத்து மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். இரண்டும் ஒரே குழந்தையுடையவை. ஒன்று வெளியே எங்கோ எடுத்துக்கொண்டு வந்தது, மற்றது அன்று காலையில் நாங்கள் எடுத்தது. வெளியே எடுத்த படத்தில் இடது பக்கம் 33 பாகை. எங்கள் படத்தில் 27. எலும்பு ஒரு வாரத்தில் மாறிவிடுமா?

"அடியில பாருங்கம்மா" என்றார். இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் முட்டை வடிவத்தில் துவாரம் உண்டு. எங்கள் படத்தில் இரண்டும் ஒரே அளவு. வெளியே எடுத்ததில் ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். குழந்தை ஒரு பக்கமாகப் புரண்டிருந்தபோது பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். "நான் கோடு போடுறதுக்கு முன்னாடியே நீங்க கோணத்தப் போட்டுர்றீங்க. கொழந்தைய எப்படிக் கெடத்துறீங்களோ அதான் அளவு" என்றார்.

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அதற்குப் பிந்தைய வருடங்களையெல்லாம் நான் ஓட்டினேன். ஃபிலிமில் உருவம் பெரிதாக விழுந்தால் நீள அகலங்கள் கூடும், கோணம் மாறாது. உடம்பு புரண்டாலும் இடுப்பு முன்பின்னாகச் சாய்ந்தாலும் கோணம் மாறிவிடும். ஆகவே கோணத்தின் நேர்மை படம் எடுப்பவர் கையில் இருக்கிறது. குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, இரண்டு கால்களையும் இணையாக வைத்து, முழங்கால் சில்லு மேலே பார்க்கும்படி பிடிக்க வேண்டும். காலை அழுத்தி நீட்டினால் முதுகு வளைந்து இடுப்பு முன்பக்கம் சாய்ந்துவிடும். கைக்குழந்தைக்கு இடுப்பும் முழங்காலும் லேசாக மடங்கியிருப்பதுதான் இயல்பு. முழங்காலுக்கு அடியில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வைத்தால் இடுப்பு தானாகச் சமமாகும். யார் எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்களோ, அந்தத் துண்டு இல்லாமல் நான் கைக்குழந்தைக்குப் படம் எடுத்ததில்லை.

இதெல்லாம் சரி, அரைஞாண் கயிற்றை என்ன செய்வது?

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு அரைஞாண் கட்டிவிட்டால் அதை அவிழ்ப்பது ஆகாது. கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து, பெண் குழந்தையென்றால் வெள்ளி அரைமூடி, வசதி இருந்தால் வெள்ளிக் கொடி. ஒவ்வொன்றும் படத்தில் பளீரென்று வெள்ளையாக, சரியாக இடுப்புக் குழியின் மேலேயே வந்து விழும். முதல் கோடு தொடங்க வேண்டிய கறுப்பு இடைவெளியைத் தாயத்து மூடிவிட்டால் டாக்டர் எங்கிருந்து கோடு இழுப்பார்?

ஒரு அப்பத்தா எனக்கு நன்றாக நினைவிருக்கிறார். காதில் தண்டட்டி, கையில் பேரன், பின்னால் மருமகள். தாயத்தைக் கழற்ற வேண்டும் என்று வார்டு ஆயா சொன்னதுமே குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். "குலசாமி கோயில்ல கட்டுனது. அவுத்துட்டுப் பச்ச மண்ணுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?" என்றார்.

"அவுக்கவே வேணாம் அப்பத்தா. நெஞ்சுக்கு மேல தூக்கிவிட்டாப் போதும். கயிறு ஒடம்புலதான் இருக்கும். சாமி கோவிச்சுக்காது" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாமே குழந்தையைக் கொண்டுவந்து மேசையில் கிடத்தி, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மேலே ஏற்றினார். நான் தாயத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். ஈய ஏப்ரனை அப்பத்தாவுக்கு மாட்டிவிட்டபோது, "கனமால்ல இருக்கு, இதப் போட்டுக்கிட்டா நீ நெதம் வேலை பாக்குற?" என்று கேட்டார். குழந்தையின் முழங்கால் இரண்டையும் அவர் பிடித்த பிடியை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. அழுத்தவும் இல்லை, நழுவவிடவும் இல்லை. பேரன் அழுகையை நிறுத்தி அவர் தண்டட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நொடியில் பொத்தானை அழுத்தினேன். முட்டைத் துவாரங்கள் இரண்டும் அச்சில் வார்த்தமாதிரி ஒரே அளவில் விழுந்திருந்தன. குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லாத குழந்தைகளே அதிகம். ஆனால் இருந்த குழந்தைகளின் முகம்தான் மறப்பதில்லை. 2 வயதுக்கு மேல் ஆன ஒரு பெண் குழந்தை வந்தாள். நடை வந்ததே தாமதம், வந்த நடையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தது. பிறந்தபோது கால்மாறிப் பிறந்தவள், தலைச்சன் குழந்தை, பெண். இந்த மூன்றும் சேர்ந்தால் இடுப்பு விலகலுக்கு வாய்ப்பு அதிகம். அன்று அதை அந்தத் தாய்க்குச் சொல்ல ஆளில்லை. "நடக்க நடக்கச் சரியாப் போகும்னாங்கக்கா" என்றார். படத்தில் வலது பக்கம் 22 பாகை, இடது பக்கம் 38. தொடையின் உள்பக்கத்திலிருந்து இடுப்பெலும்பின் அடிவரைக்கும் ஒரே வளைவாக ஓட வேண்டிய கோடு, லண்டன் மருத்துவர் ஷென்டன் பெயரில் அழைக்கப்படுவது, நடுவில் முறிந்து கிடந்தது. டாக்டர் இரண்டு தடவை அளந்தார். பிறகு பென்சில் கோடுகளைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் அளந்தார். அறுவை சிகிச்சை என்று முடிவாகும் இடத்தில் ஓரிரு பாகைகூட அவருக்குச் சாதாரணம் இல்லை.

அவளை மதுரைக்கு அனுப்பிவைத்தார்கள். குழியைத் திறந்து எலும்பின் தலையை உள்ளே அமர்த்தி, மேல் எலும்பை வெட்டிக் கூரையைக் கீழே சாய்த்து வைத்தார்கள். கனடா நாட்டு மருத்துவர் சால்டர் 1961-இல் எழுதிவைத்த முறை அது. மாவுக்கட்டில் கிடந்து எழுந்து, வருடா வருடம் படம் எடுக்க எங்களிடம்தான் வருவாள். 38 என்று பார்த்த பக்கம் 25 ஆகி, 20-க்கு இறங்கியது. கொஞ்சம் வளர்ந்த பிறகு வேறு கோணம் அளக்கத் தொடங்கினோம். எலும்புத் தலையின் மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு, குழியின் வெளிவிளிம்புக்கு ஒரு கோடு. சுவீடன் மருத்துவர் வீபெர்க் 1939-இல் சொன்னது. வளர்ந்தவர்களுக்கு 25 பாகைக்கு மேல் இருந்தால் குழி தலையை நன்றாக மூடியிருக்கிறது, 20-க்குக் கீழே போனால் மூட்டு சீக்கிரம் தேயும். அவள் ஒவ்வொரு முறையும் மேசையில் ஏறிப் படுத்து, "அக்கா, கால நேரா வெச்சுட்டேன், பாருங்க" என்பாள். நான் சொல்லாமலே இரண்டு கட்டைவிரலையும் உள்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்வாள். பாதம் வெளியே சாய்ந்தால் தொடை எலும்பின் கழுத்து படத்தில் நிமிர்ந்து தெரிந்து கழுத்தின் கோணம் பொய்யாகிவிடும் என்று எப்போதோ நான் சொன்னதை மனதில் வைத்திருந்தாள்.

சீக்கிரமே கண்டுபிடித்திருந்தால் அவளுக்குக் கத்தியே தேவைப்பட்டிருக்காது. செக் நாட்டு மருத்துவர் பாவ்லிக் 1940-களில் உருவாக்கிய வார் ஒன்று உண்டு. சில மாதக் குழந்தைக்கு அதைப் போட்டுக் கால்களை மடக்கி அகட்டி வைத்தால், சில வாரங்களில் பெரும்பாலான இடுப்புகள் தாமாகவே குழிக்குள் அமர்ந்து ஆழப்படும். சிக்கல் என்னவென்றால் 4 மாதத்துக்கு முந்தைய குழந்தைக்கு எலும்புத் தலை முழுக்கக் குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது.

அதற்கு வழி அல்ட்ராசவுண்டில் வந்தது. ஆஸ்திரிய மருத்துவர் கிராஃப் 1980-இல் அந்த முறையை வெளியிட்டார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அது வந்து சேர வெகுகாலம் பிடித்தது. புதிதாக வந்த ஸ்கேன் டாக்டரம்மா குழந்தையைப் பக்கவாட்டில் கிடத்தி, இடுப்பில் கருவியை வைத்து, திரையில் மூன்று இடங்களைக் காட்டுவார். குழியின் ஆழத்தில் இடுப்பெலும்பின் கீழ்முனை, மேலே நேர்கோடாக ஓடும் எலும்பு, விளிம்பில் தொங்கும் சின்னக் குருத்து. "மூணும் ஒரே படத்துல தெரியணும். ஒண்ணு இல்லேன்னாலும் அளக்காதீங்க" என்பார். மூன்றும் தெரிந்த பிறகு எலும்புக் கூரையின் கோணம் 60 பாகைக்கு மேல் இருந்தால் பயமில்லை. 3 மாதத்துக்குள் 50-க்கு மேல் இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம், பெரும்பாலும் தானே தேறிவிடும். கருவி கையில் கொஞ்சம் சாய்ந்தாலும் நல்ல இடுப்பு கெட்டதாகக் காட்டும். ஃபிலிமும் இருட்டறையும் இல்லாத அந்த அறையிலும் பழைய டாக்டர் சொன்ன வாக்கியமே வேறு வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த அம்மாவோடு பேசும்போதுதான் நம் வழக்கங்கள் பற்றி யோசித்தேன். எங்கள் ஊரில் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளாத பெண் உண்டா? கால் இரண்டும் அகண்டு தாயின் இடுப்பைக் கவ்விக்கொண்டிருக்கும் அந்த நிலை, வளரும் குழிக்கு மிக நல்லது. குளிர்நாடுகளில் காலை நீட்டி இறுகச் சுற்றிக் கட்டிய இடங்களில் இடுப்பு விலகல் அதிகமாக இருந்தது. ஜப்பானில் 1970-களில் அப்படிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. நாமும் எல்லாவற்றையும் சரியாகச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கால் கோணாமல் இருக்க இழுத்து நீவுவதும், கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் என் கண்முன்னே நடந்தவை. எண்ணெயும் வெந்நீரும் இருக்கட்டும், இழுப்பது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். இப்போது இளம் தாய்மார் இடுப்பில் தூக்குவது குறைந்துவிட்டது. சுற்றிக் கட்டும் துணிப் பை ஆன்லைனில் வருகிறது. வாங்குவதானால் இடுப்புக்குக் கீழே கால் மடங்கி அசையும் அளவுக்குத் தளர்வானதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நான் ஓய்வுபெறும் நேரத்தில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. மவுஸால் மூன்று புள்ளி வைத்தால் கோணம் வந்துவிடும். மெழுகுப் பென்சிலின் தடிமனே ஒரு பாகையைச் சாப்பிட்டுவிடும் காலத்திலிருந்து வந்தவளுக்கு அது பெரிய வரம். இப்போது செயற்கை நுண்ணறிவு கோடுகளையும் தானே போட்டுக் காட்டுகிறதாம். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் நாலைந்து பாகை வித்தியாசம் வருவது சகஜம், அது குறைந்தால் நல்லதுதான். ஆனால் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் திரையில் 26.4 என்று வந்ததும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணை நம்பிவிடுவதைப் பார்த்தேன். முதலில் முட்டைத் துவாரங்களைப் பார், வால் எலும்பின் முனை நடுக்கோட்டில் இருக்கிறதா பார், பிறகு எண்ணைப் பார் என்று சொல்லிக்கொடுத்தேன். புரண்டு கிடக்கும் குழந்தையைக் கம்ப்யூட்டரால் நிமிர்த்தி வைக்க முடியாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

ஒரு எக்ஸ்ரேக்காரம்மாவாக இதைப் படிப்பவர்களிடம் கேட்க எனக்கு இரண்டே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் கால்மாறிப் பிறந்த குழந்தையோ, குடும்பத்தில் யாருக்காவது இடுப்பு விலகல் இருந்த குழந்தையோ இருந்தால், ஆறு வாரத்தில் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள். குழந்தையின் ஒரு தொடை மற்றதைப்போல அகலவில்லை என்றாலும், நடை சாய்ந்தாலும், சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ரே மேசையில் குழந்தையைக் கிடத்திப் படம் எடுக்கும் பெண் துண்டைச் சுருட்டுகிறாள், கயிற்றை நகர்த்துகிறாள், காலைத் திருப்பித் திருப்பி வைக்கிறாள் என்றால், வரிசை நீளமாக இருந்தாலும் அவளை அவசரப்படுத்தாதீர்கள். குழந்தைக்கு வார் போதுமா, கத்தி வேண்டுமா என்பது அந்த ஒரு நிமிடத்தில்தான் முடிவாகிறது.